சண்டர்லேண்ட் பெரிய கிளப்பா? எதை வைத்து ஒரு கிளப்பைப் பெரிய கிளப் என்கிறோம்?

இடதுவிங்

2025 மே 21 அன்று பில்பாவோவில் லண்டன் கிளப்பான ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்), மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. மூன்று நாள் கழித்து வெம்ப்ளியில், பிரீமியர் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளேஆஃப் இறுதி. ஷெஃபீல்ட் யுனைடெட் முதலில் கோல் போட்டுவிட்டது. வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் சமன் செய்து, 95ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் 2-1 என்று ஜெயித்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு பிரீமியர் லீக். வாட்சனுக்கு 19 வயது. அடுத்த சீசன் பிரைட்டனுக்குப் போவது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. கிளப்பை விட்டுப் போகிற பையன், போகிற போக்கில் கிளப்பை மேலே ஏற்றிவிட்டுப் போனான்.

எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், "பாவம், சின்ன கிளப் ஒண்ணு மேல வந்திருக்கு, சந்தோஷம்" என்று போட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சண்டர்லேண்ட் சின்ன கிளப் என்றால், அதே வாரம் லீக்கில் 17ஆவதாக முடித்த ஸ்பர்ஸ் ஏன் பெரிய கிளப்? கோப்பைகளா, பணமா, மைதானமா, கூட்டமா, வரலாறா? எதை வைத்து இந்தப் பட்டத்தைக் கொடுக்கிறோம்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிளப் எவ்வளவு பெரியது என்பது அது விழுந்து கிடக்கும்போதுதான் தெரியும். ஜெயிக்கும்போது எல்லா கிளப்பும் பெரிதாகத்தான் தெரியும்.

கோப்பைக்கணக்கு

உணர்ச்சி வேண்டாம், அலமாரியைத் திறந்து பார்ப்போம். 2025 வரை இங்கிலாந்து லீக் பட்டங்கள்: யுனைடெட் 20, லிவர்பூல் 2025 பட்டத்தோடு 20, ஆர்சனல் 13, சிட்டி 10, எவர்டன் 9, வில்லா 7. கோப்பைதான் அளவுகோல். கிளப் எதற்காக ஆடுகிறது? ஜெயிக்க. யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்கள் பெரியவர்கள்.

வியாசர்பாடி10

கணக்கு அண்ணே, லிஸ்ட்டை ஏன் ஏழோட நிறுத்திட்டீங்க? அடுத்த வரியையும் போடுங்க. செல்சி 6. சண்டர்லேண்டும் 6. ஸ்பர்ஸ் 2. உங்க அலமாரி கணக்குப்படியே சண்டர்லேண்ட் செல்சிக்குச் சமம், ஸ்பர்ஸை விட மூணு மடங்கு பெருசு.

கோப்பைக்கணக்கு

தம்பி சொன்ன எண்கள் சரிதான். ஆனால் சண்டர்லேண்டின் ஆறில் கடைசி 1936. அதற்குப் பிறகு 1937லும் 1973லும் எஃப்.ஏ. கோப்பை, அவ்வளவுதான். செல்சியின் ஆறில் ஐந்து 2005இலிருந்து வந்தவை. கோப்பைக்கும் ஒரு காலக்கெடு உண்டு. 1936இல் பிறந்தவருக்கு இன்று கிட்டத்தட்ட 90 வயது. பார்த்தவர்கள் யாருமே மிஞ்சாத வெற்றியை வைத்து இன்றைக்கு ஒரு கிளப்பைப் பெரியது என்று சொல்ல முடியாது.

அப்படிச் சொன்னால் ஹட்டர்ஸ்ஃபீல்டும் பெரிய கிளப்தான். 1924, 25, 26 என்று தொடர்ந்து மூன்று வருஷம் சாம்பியன். பிரெஸ்டன் 1889இலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் எடுத்தது. இவர்களை யாராவது பெரிய கிளப் பட்டியலில் சேர்க்கிறோமா?

இடதுவிங்

நீங்களே என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள். ஹட்டர்ஸ்ஃபீல்டிடம் கோப்பை இருக்கிறது, ஆனாலும் சேர்ப்பதில்லை. அப்படியானால் கோப்பைக்கும் மேலே வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

வடகிழக்கு_வாசி

நான் வேர் நதிக்கரையில் வேலை பார்க்கிறேன், சண்டர்லேண்டில்தான் வீடு. இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

2017இல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம். 2018இல் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பிலும் கடைசி இடம். அடுத்தடுத்து இரண்டு படி விழுந்து மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டோடு ஆட்டம். நான் ஊருக்குப் புதுசு, வேலை இடத்தில் ஒருவர் டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனார். வேர்மவுத் பாலத்தில் சிவப்பு வெள்ளைச் சால்வைகளாக ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காற்று முகத்தில் அறைகிறது. தாத்தா, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை வரிசையாக நடக்கிறது. எங்களுக்கு முன்னால் போன பெரியவர் ஒருவர் பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஆற்றங்கரையில் தான் வேலை பார்த்த கப்பல் பட்டறை இருந்த இடத்தைப் பேத்திக்குக் காட்டினார். இப்போது அங்கே ஒன்றுமில்லை. பேத்தி பார்த்துவிட்டு, "ஆட்டம் ஆரம்பிச்சுடும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு மைதானத்தில் 46,039 பேர். லீக் ஒன் வரலாற்றிலேயே அதிகக் கூட்டம். ஊரின் மொத்த ஜனத்தொகையே மூன்று லட்சத்துக்குள்தான்.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். இந்த ஊரில் கப்பல் கட்டுவது 1988இல் நின்றது. வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. சுரங்கம் இருந்த அதே இடத்தில்தான் 1997இல் ஸ்டேடியம் ஆஃப் லைட் எழுந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு பெரிதாக நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, 1973இல் மேனேஜராக இருந்த பாப் ஸ்டோக்கோவின் சிலை. 1973 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் இரண்டாம் நிலை அணியாக இருந்துகொண்டு, அப்போது நாட்டையே கலக்கிய லீட்ஸை 1-0 என்று வென்றதும், தொப்பியும் மழைக்கோட்டுமாக மைதானத்துக்குள் கையை விரித்துக்கொண்டு கோலி ஜிம் மாண்ட்கோமரியைத் தேடி ஓடினாரே, அந்த ஓட்டம். ஆட்டத்துக்கு வருகிற குழந்தைகள் அந்தச் சிலைக்குக் கீழே நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கப்பல் போனது, சுரங்கம் போனது. ஊர் மொத்தமும் ஒன்றாகக் கூடுவதற்கு மிச்சமிருப்பது இந்த மைதானம்தான். லீக் ஒன்னில் இருந்த நாலு வருஷத்தில், கொரோனாவால் கதவு மூடியிருந்த சீசனைத் தவிர, சராசரி கூட்டம் 30,000 வாக்கில் இருந்தது. 2019 மார்ச்சில் போர்ட்ஸ்மவுத்தோடு ஒரு கோப்பை இறுதி, மூன்றாம் நான்காம் நிலை அணிகளுக்கான சின்னப் போட்டி அது. வெம்ப்ளியில் 85,021 பேர்! பெனால்டியில் தோற்றோம். அடுத்த வாரமும் ஜனங்கள் வந்தார்கள்.

இதைச் சின்ன கிளப் என்று சொல்கிறவர் ஒருமுறை அந்தப் பாலத்தில் நடந்து பார்க்க வேண்டும்.

கோவைகூனர்

வாசி சார், படிக்கவே நல்லா இருந்துச்சுங்க. ஆனா கூட்டத்தை அளவுகோலா வைக்கிறதுல ஒரு பிரச்சினை இருக்குங்க, ஆர்சனல் ரசிகனா அதை நானே சொல்லிடறேன்.

1966 மே 5. எங்க பழைய மைதானமான ஹைபரியில ஆர்சனல், லீட்ஸ் ஆட்டம். வந்தவங்க 4,554 பேர். ஆமாங்க, நாலாயிரத்துச் சொச்சம். அன்னைக்கு ராத்திரி லிவர்பூல், டார்ட்மண்ட் ஐரோப்பிய இறுதிப்போட்டி டிவியில ஓடிட்டிருந்துச்சு, நம்ம அணியும் அந்த சீசன் சொதப்பல். அதுக்காக 1966ல ஆர்சனல் சின்ன கிளப் ஆயிடுச்சா? முப்பதுகள்லயே அஞ்சு லீக் பட்டம் வாங்கின கிளப்புங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 1971ல லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வாங்குச்சு.

செல்சியும் அப்படித்தான். எண்பதுகள் ஆரம்பத்துல இரண்டாம் டிவிஷன்ல கிடந்தப்ப சில ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர்கூட வரலை. லண்டன்ல இருக்கறவனுக்கு சனிக்கிழமை மத்தியானம் போறதுக்கு எத்தனையோ கிளப் இருக்கு. சண்டர்லேண்ட்ல ஒண்ணுதான். ஒரே கிளப் இருக்கற ஊரையும் பத்துப் பதினஞ்சு கிளப் இருக்கற ஊரையும் ஒரே தராசுல வைக்கறது நியாயமாங்க?

நீலநிலா

கூட்டம்தான் அளவுகோல் என்று ஒத்துக்கொண்டால் எங்களுக்குச் சந்தோஷம். சிட்டியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 2008இல் அபுதாபி பணம் வந்த நாளிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால் நாங்கள் எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

1998-99இல் சிட்டி மூன்றாம் நிலையில் ஆடியது. எங்கள் பழைய மைதானமான மெயின் ரோட்டில் சராசரி 28,000 பேர். அதே ஊரில், அதே வருஷம், யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் எடுத்தது. யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் ஐரோப்பாவின் சாம்பியன். நாங்கள் மேக்கிள்ஸ்ஃபீல்டோடு ஆடிக்கொண்டிருக்கிறோம். அப்போதும் 28,000 பேர். மே 30, மேலே ஏறுவதற்கான பிளேஆஃப் இறுதி, வெம்ப்ளியில் கில்லிங்கம் 2-0 முன்னிலை, 90 நிமிஷம் முடியப்போகிறது. ஹார்லாக் ஒன்று, 90 நிமிஷத்தைத் தாண்டிய ஐந்தாவது நிமிஷத்தில் டிக்காவ் ஒன்று. பிறகு பெனால்டியில் ஜெயித்தோம். அந்த டிக்காவ் கோல் விழாமல் போயிருந்தால் பின்னால் யாருடைய பணமும் எங்களைத் தேடி வந்திருக்காது.

1934இல் ஸ்டோக்கோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு மெயின் ரோட்டில் 84,000க்கும் மேல் கூட்டம். பணம் வந்ததால் கோப்பைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் பணம் வந்தது ஒரு பெரிய கிளப்புக்கு. வெறும் இடத்துக்கு அல்ல.

வியாசர்பாடி10

நிலா, நீங்க சொல்றது புரியுது. ஆனா நிதி விதியை மீறினதா 2023ல பிரீமியர் லீக் சிட்டி மேல 115 குற்றச்சாட்டு வச்சுச்சு. அந்தக் கோப்பைகளை எண்ணும்போது அதையும் சேர்த்துதான் எண்ணணும்.

நீலநிலா

அது விசாரணைக் குழு முடிவு சொல்ல வேண்டிய விஷயம். நான் சொன்னது 1999 பற்றி. அதில் எந்த வழக்கும் இல்லை.

தேம்ஸ்கரை

வணக்கம். நான் லண்டனில இருக்கிறன், முப்பது வருசமா ஸ்பர்ஸ் ஆள். எங்கட கிளப்பின்ர பேரை இழுத்தபடியால் நானும் ஒரு கதை சொல்லவேணும்.

2021 ஏப்ரல் 18. பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் எண்டு அறிவிச்சினம். இங்கிலாந்தில இருந்து ஆறு: யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி, சிட்டி, ஸ்பர்ஸ். நாங்கள்தான் பெரிய ஆக்கள், எங்களுக்குத் தனி லீக், ரெலிகேஷன் (கீழ் டிவிஷனுக்கு இறங்கிறது) கிடையாது எண்டு தாங்களே தங்களுக்குப் பட்டம் கட்டினவை. இப்ப கவனியுங்கோ. அந்த ஆறில மூண்டு பேர், ஆர்சனல், சிட்டி, ஸ்பர்ஸ், அந்த நாள் வரைக்கும் இப்ப சாம்பியன்ஸ் லீக் எண்டு சொல்லுற ஐரோப்பியக் கோப்பையை ஒருக்காலும் வெல்லேல்லை. 1979லயும் 80லயும் வெண்ட ஃபாரஸ்டை ஒருத்தரும் கூப்பிடேல்லை. 1982ல பயர்னை வெண்ட வில்லாவையும் கூப்பிடேல்லை. கோப்பைதான் கணக்கெண்டால் எங்களை விட அவைக்குத்தான் அந்தக் கதிரை.

அப்ப என்னத்தை வைச்சுத் தெரிவு செய்தவை? வருமானம். டிவி பார்க்கிற ஆக்கள். புது மைதானம். எங்கட மைதானத்தில 62,850 பேர் இருக்கலாம், 2019ல திறந்தது, வடிவான மைதானம், அதில எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கட கிளப்பின்ர பேர் அந்தப் பட்டியலில கிடந்தது எனக்குப் பெரிய வெக்கம். 1961ல லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒண்டா வெண்ட கிளப், 1963ல கப் வின்னர்ஸ் கப்பை எடுத்து, ஐரோப்பியப் போட்டி ஒண்டை வெண்ட முதல் பிரித்தானிய கிளப். பெரிசெண்டு காட்ட வேற ஆரையும் வெளியில தள்ளத் தேவையில்லாத கிளப். ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் வாசலில செல்சி ஆக்கள் ரோட்டை மறிச்சு நிண்டதைப் பார்த்து, என்ர வாழ்க்கையில முதல்தரம் செல்சி ஆக்களுக்குக் கை தட்டினன். ரெண்டு நாளுக்குள்ள இங்கிலாந்து கிளப்புகள் ஆறும் விலகிட்டுதுகள்.

ஆர் பெரியவை எண்டு முதலாளிமார் தீர்மானிக்க வெளிக்கிட்டினம். ஆக்கள் விடேல்லை. இடதுவிங் தம்பி கேட்ட கேள்விக்கு அதில கொஞ்சம் பதில் இருக்கு.

கோப்பைக்கணக்கு

தேம்ஸ்கரை அண்ணா சொன்னதில் உணர்வு நியாயமானது. ஆனால் நடைமுறையில் முதலாளிகளின் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை இருந்த நிதி விதியைப் பாருங்கள். மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று இருந்தது. வருமானம் அதிகம் உள்ளவன் அதிகம் செலவு செய்யலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டில் கொஞ்சம். மீதி டிவி, ஸ்பான்சர், ஜெர்சி. அதாவது ஏற்கெனவே உலகம் முழுக்க ரசிகர் இருக்கிற கிளப்புக்குத்தான் புது வீரர் வாங்கும் அளவு கை நீளும். நியூகாசிலை 2021இல் சவுதி அரசின் முதலீட்டு நிதியம் வாங்கியது. உலகின் பெரும் பணம் பின்னால் நின்றும், நினைத்தபடி அள்ளி இறைக்க முடியவில்லை, காரணம் இந்த விதி. இன்று பெரியவன் நாளையும் பெரியவனாக இருக்க விதியே வழி செய்கிறது. இதில் பாலமும் தாத்தாவும் பேத்தியும் எங்கே வருகிறார்கள்?

இடதுவிங்

நல்ல கேள்வி. ஆனால் பணம் புதுசாக வந்த வில்லன் மாதிரிப் பேச வேண்டாம். சண்டர்லேண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் அந்தக் கிளப்புக்கு 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து கிளப்' என்றே பட்டப்பெயர். 1948இல் லென் ஷாக்கிள்டனை நியூகாசிலிடமிருந்து 20,050 பவுண்டுக்கு வாங்கினார்கள், அப்போது அது சாதனைத் தொகை. டிரெவர் ஃபோர்டு போன்ற நட்சத்திரங்களைக் குவித்தார்கள். பட்டம் ஒன்றும் வரவில்லை. 1957இல் வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்தது அம்பலமாகி அபராதம், நிர்வாகிகளுக்குத் தடை. 1958இல் வரலாற்றில் முதல் ரெலிகேஷன். 1890இலிருந்து 68 வருஷம் மேல் டிவிஷனை விட்டு இறங்காத கிளப் அது.

எந்தப் பெரிய கிளப்பையும் தோண்டினால் அடியில் எங்காவது ஒரு பணக்காரர் இருப்பார். பணம் மேலே கொண்டுபோய் நிறுத்தும். பணம் தீர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் கேட்கிறேன். சண்டர்லேண்டில் மிஞ்சியதை வாசி எழுதிவிட்டார்.

வியாசர்பாடி10

எனக்கு ஒரு சங்கடம் இருக்கு, அதைக் கேட்டுடறேன். இங்க இருக்கிற நாமெல்லாம் கணக்குல வர்றோமா இல்லையா? எங்க ஏரியாவுல சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்தா சிட்டி, மாட்ரிட், பார்சிலோனா ஜெர்சிதான். செல்சி கொஞ்சம். சண்டர்லேண்ட் ஜெர்சி ஒண்ணுகூட கிடையாது. இந்தப் பசங்க காலைல எழுந்து ஓடுறாங்க, ராத்திரி ஒண்ணரை மணிக்கு சாம்பியன்ஸ் லீக் பார்க்கிறாங்க, தோத்தா அடுத்த நாள் பேச மாட்டாங்க. மைதானத்துக்கு வர முடியாதுங்கிறதால இவங்க அன்பு குறைஞ்ச அன்பா? 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில, கேம்ப் நௌவில சோல்ஷர் கால் நீட்டினாரே, அந்த ஒரு ராத்திரியில யுனைடெட்டுக்கு நம்ம ஊர்ல எத்தனை பேர் பிறந்தாங்க! அவங்க இருபத்தஞ்சு வருஷமா விடாம இருக்காங்க, அதுவும் கடைசிப் பத்து வருஷம் அந்த கிளப் படுத்துற பாட்டுக்கு!

வடகிழக்கு_வாசி

கண்டிப்பாகக் கணக்கில் வருகிறீர்கள் தம்பி. கடைசியாகச் சொன்னீர்களே, தோற்ற பிறகும் விடாமல் இருப்பவர்கள் என்று, அதுதான் கணக்கு. ஜெர்சி எண்ணிக்கை இல்லை. அணி மூன்று வருஷம் சரிந்தால் ஜெர்சியை மாற்றுகிறவர்கள் எத்தனை பேர், மாற்றாதவர்கள் எத்தனை பேர்? மாற்றாதவன் வியாசர்பாடியில் இருந்தால் என்ன, வேர் நதிக்கரையில் இருந்தால் என்ன?

ஹூக்ளிக்கரை

கொல்கத்தாவில் வேலை பார்ப்பவன் என்ற உரிமையில் நுழைகிறேன். நீங்கள் தேடுகிற சோதனை இங்கே நடந்து முடிந்துவிட்டது.

மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்ற அணி. அதன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே பூட்ஸ் போட்ட ராணுவக்காரர்கள். ஜூலை 29, இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். மறுபக்கம் ஏ.டி.கே. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு (ஐ.எஸ்.எல்.) பிறந்த அணி. 2020க்குள் மூன்று ஐ.எஸ்.எல். பட்டம். பணம், கோப்பை, விளம்பரம் எல்லாம் அதன் பக்கம்.

2020இல் இரண்டும் இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. பகான் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். முன்னால் ஒட்டிய மூன்று எழுத்தை எடு என்று தெருவிலும் மைதானத்திலும் வருஷக்கணக்கில் போராட்டம். 2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அன்று ராத்திரியே, அடுத்த சீசனிலிருந்து ஏ.டி.கே. என்ற பெயர் இருக்காது என்று உரிமையாளர் அறிவித்தார். மூன்று பட்டம் வென்ற பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆளில்லை. மற்றப் பெயருக்காக லட்சம் பேர் நின்றார்கள். கோப்பைக்கணக்கு ஐயா, உங்கள் அலமாரியில் இதை எங்கே வைப்பீர்கள்?

கோப்பைக்கணக்கு

1911 ஷீல்டும் ஒரு கோப்பைதானே! அந்த வெற்றி இல்லாமல் அந்தப் பெயருக்கு இந்தப் பிடிப்பு வந்திருக்காது. கோப்பையில் தொடங்காத பெருமை ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். ஆனால் ஏ.டி.கே. உதாரணம் கனமானது, அதைத் தள்ளிவிட முடியாது.

கோவைகூனர்

எல்லாரும் விசுவாசத்துல போய் நின்னுட்டீங்க. அப்படின்னா பரி எஃப்.சி.யை எங்க வைப்பீங்க? 1900, 1903 ரெண்டு எஃப்.ஏ. கோப்பை. 1903 இறுதியில டெர்பியை 6-0. 2019 ஆகஸ்ட்ல பணமில்லாம லீக்கை விட்டே வெளியேத்திட்டாங்க. ஜனங்க விட்டாங்களா? இல்லைங்க. புதுசா கிளப் கட்டி, அடிமட்டத்துல இருந்து ஆடி, 2023ல பழைய கிக் லேன் மைதானத்துக்கே திரும்ப வந்தாங்க. மைதானத்தோட கதவு பூட்டிக் கிடந்தப்பவும் விட்டுப் போகாதவங்க. இதைவிட விசுவாசம் உண்டா? ஆனா பரி பெரிய கிளப்னு யாராவது சொல்லுவீங்களா? நான் சொல்ல மாட்டேங்க. அருமையான கிளப், மனசார கும்பிடலாம், ஆனா சின்ன கிளப்.

இடதுவிங்

இந்த இழையிலேயே கூர்மையான எதிர்வாதம் இதுதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

விசுவாசம் மட்டும் போதாது. பரி கீழ் டிவிஷனில் ஆடினால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. வெளியேற்றப்பட்டபோது நாடே வருந்தியது, ஆனால் மூன்றாம் நான்காம் நிலையில் இருந்தவரை 'இவர்கள் ஏன் இங்கே' என்று யாரும் கேட்கவில்லை. சண்டர்லேண்ட் லீக் ஒன்னில் ஆடியபோது எல்லோரும் அதைக் கேட்டார்கள். சண்டர்லேண்ட் வருகிற நாள் எதிரணி மைதானத்தில் வெளியூர்ப் பகுதி நிரம்பி வழியும். எதிரணி வீரனுக்கு அது அந்த வருஷத்தின் முக்கியமான ஆட்டம். சண்டர்லேண்டைத் தோற்கடித்தால் அது கீழ் டிவிஷன் செய்தியாக இல்லாமல், நாடு தழுவிய செய்தியாக வரும். பரம எதிரியான நியூகாசில்காரர்கூட 'இவர்கள் இருக்கவேண்டிய இடம் இது இல்லை' என்று உள்ளுக்குள் அறிவார். அறிந்ததால்தான் அவ்வளவு சந்தோஷமாகக் கிண்டல் செய்தார். சின்ன கிளப் விழுந்தால் யாரும் கிண்டல் செய்வதில்லை.

எனவே என் பதிலை இப்படித் திருத்தி எழுதுகிறேன்: ஒரு கிளப் அட்டவணையில் நிற்கும் இடமும் ஜனங்கள் மனசில் அதற்கு வைத்திருக்கும் இடமும் பொருந்தாமல் போகும்போது, எல்லோர் கண்ணையும், எதிரியின் கண்ணையும் சேர்த்து, அது உறுத்தினால் அது பெரிய கிளப். அந்த மனசு இடத்தை உண்டாக்குவது கோப்பைதான், கணக்கு சாரோடு இதில் ஒத்துப்போகிறேன். காப்பாற்றுவது கூட்டம்.

இதற்கு மிகப் பழைய சாட்சி யுனைடெட். 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1974-75 சீசனில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் வந்த மைதானம் எது? மேல் டிவிஷனில் எதுவும் இல்லை, ஓல்ட் டிராஃபோர்டுதான். 1967க்குப் பிறகு 1993 வரை 26 வருஷம் அவர்களுக்கு லீக் பட்டம் இல்லை. அந்த 26 வருஷத்தில் ஒரு நாளாவது யாராவது யுனைடெட்டைச் சின்ன கிளப் என்றார்களா?

நீலநிலா

யுனைடெட்டை உதாரணமாக வைத்து முடித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன்.

தேம்ஸ்கரை

தம்பியின்ர அளவுகோலால எங்களையும் அளந்து பாருங்கோவன். 2025ல ஸ்பர்ஸ் 17ஆவது இடம். உலகம் முழுக்க 'இதென்ன கோலம்' எண்டு கேட்டுது. வேற பத்துக் கிளப் 17ஆவதா வந்தால் ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம்.

ஹூக்ளிக்கரை

பி.எஸ்.ஜி.யை என்ன செய்வது? 1970இல் தொடங்கிய கிளப். 2011இல் கத்தார் பணம். 2025 மே 31 அன்று மியூனிக்கில் இண்டரை 5-0 என்று நொறுக்கி முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

கோப்பைக்கணக்கு

5-0 ஜெயித்த இறுதிக்குப் பிறகும் பெரிய கிளப் இல்லை என்று யாராவது சொன்னால் நான் இந்த இழையை விட்டே போய்விடுவேன்.

இடதுவிங்

பி.எஸ்.ஜி. பெரிய கிளப். பாரிஸ் மாதிரி ஒரு நகரம், பல வருஷம் அதற்கு ஒரே மேல்நிலை கிளப். கத்தாருக்கு முன்பே பார்க் தே பிரான்ஸில் சத்தம் இருந்தது. எனக்குத் தயக்கம் உள்ள கிளப் ஆர்.பி. லைப்சிக். 2009இல் ஒரு பானக் கம்பெனி ஐந்தாம் நிலை அணியின் உரிமத்தை வாங்கிக் கட்டியது. 2020இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள், ஆட்டம் நன்றாக இருக்கிறது, நகரமும் வருகிறது. ஆனால் இன்னும் விழவில்லை. ஒருமுறை விழட்டும், அப்போது எத்தனை பேர் கூட நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

வியாசர்பாடி10

ஃபாரஸ்ட் பத்தி யாருமே முடிக்கலையே. அது பெருசா சின்னதா?

கோவைகூனர்

எனக்கு ஃபாரஸ்ட் ஒரு மகத்தான மனுஷன் செஞ்ச அற்புதம்ங்க. 1977ல மேல வந்தாங்க, 1978ல சாம்பியன், 1979, 80 ரெண்டு ஐரோப்பியக் கோப்பை. லீக்கை ஒரே தடவை ஜெயிச்சு, ஐரோப்பியக் கோப்பையை ரெண்டு தடவை ஜெயிச்ச கிளப் வேற கிடையாது. தொடர்ச்சியா 42 லீக் ஆட்டம் தோக்கலை. நம்ம ஆர்சனல் 2004ல அதைத் தாண்டற வரைக்கும் அதுதான் சாதனை. ஆனா அந்த மனுஷன், மேனேஜர் பிரையன் கிளஃப், 1993ல போன வருஷமே கீழ இறங்கினாங்க. நடுவுல மேல வந்தாலும் 1999ல திரும்பவும் இறங்கிட்டாங்க. 2005ல மூணாம் டிவிஷன், ஐரோப்பியக் கோப்பை வாங்கின கிளப் அவ்வளவு ஆழம் போனது அதுதான் முதல் தடவை. 2022ல திரும்ப மேல வர 23 வருஷம் ஆச்சு. இடதுவிங் சார் அளவுகோல்படி, அந்த 23 வருஷமும் அந்த இடம் எல்லார் கண்ணையும் உறுத்துச்சு. அப்போ பெரிய கிளப்தான் போலிருக்குங்க. ஆனா முதல் அஞ்சாறு பேர்ல வைக்க எனக்கு மனசு வரலை.

எல்பே_கரையோரம்

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். ஹாம்பர்கில் இருக்கிறேன். 1980இல் மாட்ரிடில் ஃபாரஸ்ட் 1-0 என்று தோற்கடித்தது எங்கள் ஹாம்பர்கைத்தான். மூன்று வருஷம் கழித்து யுவெண்டஸை வென்று நாங்களும் அதே கோப்பையை எடுத்தோம்.

1963இல் பண்டஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து 2018 வரை ஒரு சீசன்கூட விடாமல் ஆடியது ஹாம்பர்க் மட்டும்தான். ஃபோல்க்ஸ்பார்க் மைதானத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. பண்டஸ்லிகாவில் எத்தனை வருஷம், நாள், மணி, நிமிஷம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். 2018 மே மாதம் ரெலிகேஷன் உறுதியானது. அதற்குப் பிறகு கடிகாரத்தையே கழற்றிவிட்டார்கள். உடனே மேலே வந்துவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒவ்வொரு வருஷமும் கடைசிக் கட்டத்தில் நழுவியது. ஏழு வருஷம். அதற்குள் ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஊரான ஹைடன்ஹைம் எங்களைத் தாண்டி மேலே போய்விட்டது. அவர்களுக்குப் பெருமைதான், அவர்கள் உழைப்பு. ஆனால் எங்கள் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களுக்கு வந்த கூட்டத்தைப் பாருங்கள், கடைசி சீசன்களில் சராசரியே 50,000க்கு மேல். 2025 மே 10 அன்று உல்மை 6-1 என்று வென்று மேலே ஏறினோம். ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், புல்லே தெரியவில்லை.

கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே இறங்க மாட்டோம் என்பதைத்தான் அந்தக் கடிகாரம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த ஏழு வருஷம் வந்த கூட்டத்தைக் காட்ட வேறு ஏதாவது வைக்கட்டும்.